அகராதி தந்த தையற்காரர் மகன்

பெரிய சொல்லைக் கண்டு அஞ்சுவோர் பலர் உண்டு. சின்னச் சொல்லைக் கண்டு அஞ்சுவோர் யாரேனும் உண்டா? உண்டு என்பேன் நான். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஆங்கில வழியில் பி.எஸ்ஸி. வேதியியல் பயில வந்திருக்கும் என் போன்றோரைக் கேட்டுப் பாருங்கள். 'எலக்ட்ரோநெகட்டிவிட்டி' என்னும் சொல் எங்களை மிரட்டுவதில்லை. அது நீண்ட சொல்தான். ஆனால் அதற்குப் பொருள் ஒன்றே. ஆசிரியர் ஒரு முறை விளக்கிவிட்டால் ஆயுள் முழுவதும் அந்தப் பொருள் மாறுவதில்லை. எங்களை மிரட்டுபவையெல்லாம் 'செட்', 'கெட்', 'லெட்', 'புட்', 'பட்', 'டூ', 'கோ' என்னும் சின்னஞ்சிறு சொற்களே!

'செட்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பொருத்தி வைத்தால் 'செட்'. பாரிஸ் சாந்து இறுகினால் அதுவும் 'செட்'. கணித வகுப்புக்குப் போனால் கணம் 'செட்'. மாலையில் கதிரவன் மறைந்தால் 'செட்'. தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்தால் 'செட்'. என் தந்தையார் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சும் வயலின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பது பம்பு 'செட்'. எழுத்து மூன்றுதான், பொருளுக்கோ எல்லையே இல்லை.

இத்தகைய சொற்களோடு 36 ஆண்டுகள் மல்லுக்கு நின்ற பெரியார் ஒருவர் உண்டு. அவர்தாம் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கிய ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹென்றி மர்ரே. உலகமே போற்றும் அந்த அகராதியை உருவாக்கியவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். ஆக்சுபோர்டில் பயின்றவரும் அல்லர். ஒரு சிற்றூர்த் தையற்காரரின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அவருடைய வரலாறு என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அதனை என் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பதினான்கு வயதில் நின்ற படிப்பு

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஹாயிக் என்னும் ஊருக்கு அருகே டென்ஹோம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1837-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் மர்ரே பிறந்தார். தந்தை தாமஸ் மர்ரே துணி தைத்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். மகனுக்குப் படிப்பில் இருந்த வேட்கை அளவிடற்கரியது. ஆனால் வேட்கை இருந்தால் போதுமா? கையில் காசும் இருக்க வேண்டுமே! 14-ஆம் வயதில் மர்ரேயின் பள்ளிப் படிப்பு நின்றது.

பள்ளி நின்றதேயொழிய படிப்பு நிற்கவில்லை. கிடைத்த நூல்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தார். செடி கொடிகளையும் பாறைகளையும் ஆராய்ந்தார். பழங்காலச் சின்னங்களைத் தேடி அலைந்தார். மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே கற்றார். மாடுகளை இலத்தீன் மொழியில் அழைத்துப் பழக்கப் பார்த்தார் என்று கூட அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்தப் பகுதியில் ஜேம்ஸ் மர்ரே என்ற பெயருடையோர் பலர் இருந்தமையால், அகஸ்டஸ் ஹென்றி என்ற இரு பெயர்களை 1855இல் தாமே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

17 வயதில் ஹாயிக் ஊர்ப் பள்ளியில் துணை ஆசிரியரானார். 20 வயதில் வேறொரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். இன்று எனக்கு வயது இருபது. இவ்வயதில், கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர் ஒரு பள்ளியையே நடத்தினார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இளைஞராக இருந்த காலத்தில், மின்சாரவியலின் தொடக்கப் பாடங்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் இந்த மர்ரேதான். தொலைபேசியின் பாட்டனார் என்று பெல் அவரை நன்றியோடு குறிப்பிடுவது வழக்கமாம்.

துயரமும் வங்கி வேலையும்

1862இல் மர்ரே மேகி ஸ்காட் என்னும் மங்கையை மணந்தார். இல்லற இன்பம் நீடிக்கவில்லை. பிறந்த பெண் குழந்தை சிறு வயதிலேயே இறந்தது. மனைவியை எலும்புருக்கி நோய் பற்றியது. ஸ்காட்லாந்தின் குளிர் அவருக்கு ஆகாது என்று மருத்துவர்கள் கூறவே, விருப்பமான ஆசிரியப் பணியை உதறிவிட்டு மர்ரே இலண்டனுக்குப் பெயர்ந்தார். அங்கே கிழக்கு நாடுகளோடு வணிகம் நடத்திய ஒரு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. எல்லாவற்றையும் விட்டு வந்தும் மனைவி பிழைக்கவில்லை.

பின்னர் 1867இல் ஏடா ரத்வன் என்னும் அம்மையாரை மணந்தார். அத்திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் கிரகாம் பெல். இவ்வம்மையார் மர்ரேயின் வாழ்வுக்கும் பணிக்கும் பெருந்துணையாக விளங்கினார். இவர்களுக்குப் பதினொரு மக்கள்.

வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே, 1866இல், இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நூலகப் பணிக்கு மர்ரே விண்ணப்பித்தார். தமக்குத் தெரிந்த மொழிகளை அவ்விண்ணப்பத்தில் வரிசைப்படுத்தினார். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், இலத்தீன், டச்சு, ஜெர்மன், பழைய ஆங்கிலம், உருசியம், எபிரேயம், அரபு, வடமொழி என்று அந்தப் பட்டியல் நீண்டது. ஒன்றில் நல்ல புலமை, மற்றொன்றில் ஓரளவு பயிற்சி என ஒவ்வொன்றிலும் தம் தகுதி எவ்வளவு என்பதையும் தெளிவாக எழுதினார். இவ்வளவு இருந்தும் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை!

1870இல் மில் ஹில் என்னும் இடத்திலுள்ள பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். 1873இல் அவர் வெளியிட்ட நூல் அறிஞர் உலகை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. எதைப் பற்றிய நூல்? ஸ்காட்லாந்தின் தென் மாவட்டங்களில் மக்கள் பேசும் வட்டார வழக்கைப் பற்றியது. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய தம் ஊர்ப் பேச்சை அவர் மறைக்கவில்லை. அதனையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அதே ஆண்டில், தம் 36-ஆம் வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தையும் பெற்றார். நாம் இருபத்தொரு வயதில் பெறப்போகும் பட்டத்தை அவர் பிள்ளைகளுக்குத் தந்தையான பின் பெற்றார்.

இரும்புக் கொட்டகையும் இரண்டு டன் சீட்டுகளும்

ஆங்கில மொழியின் எல்லாச் சொற்களையும், அவை பிறந்த காலம் முதல் வளர்ந்த வரலாற்றோடு தொகுக்க வேண்டும் என்று 1857-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மொழிநூற் கழகம் திட்டமிட்டது. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதிலேயே மறைந்தார். அடுத்து வந்த பர்னிவால் ஆர்வம் மிக்கவர். ஆனால் வேலை தேக்கமடைந்துவிட்டது. இறுதியில் 1879-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் ஆக்சுபோர்டு அச்சகத்தாரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, பொறுப்பு மர்ரேயின் தோளில் ஏறியது. பத்தே ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக முடித்துவிடலாம் என்பது அன்றைய மதிப்பீடு. அது எவ்வளவு தவறான கணக்கு என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பர்னிவாலிடமிருந்து வந்த பழைய சீட்டுகளின் எடை ஏறத்தாழ இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் ஒரு சுண்டெலி குடும்பத்தோடு குடியிருந்தது. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் புளோரன்சு நகரில் கிடைத்தன. வேறு சில அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தன. அவற்றுள் பெரும்பகுதி அடுப்பு மூட்டப் பயன்பட்டுப் போயிருந்தது. மர்ரே மனம் தளரவில்லை. தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்தார். சுவரெங்கும் புறாக்கூடு போல 1,029 சிறு அறைகள் வைத்துச் சீட்டுகளை அகரவரிசையில் அடுக்கினார். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவரும் எழுத்தறிந்த நாள் முதல் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கைச்செலவுக்குக் காசு பெற்றனர்.

அவர் வகுத்த முறை எளியது. அறிவியல் முறை என்றே அதனைச் சொல்லலாம். நூல்களைப் படிக்கும் பொதுமக்கள் ஒரு சொல் வரும் வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, நூலின் பெயரையும் ஆண்டையும் குறித்து அனுப்ப வேண்டும். இப்படி வரும் சீட்டுகளைக் கால வரிசையில் பரப்பிப் பார்த்தால், அச்சொல் எப்போது பிறந்தது, எப்போது எந்தப் பொருளுக்குத் தாவியது என்பது தானே விளங்கும். பொருளை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு சான்று தேடுவதில்லை. சான்றுகளைக் குவித்த பின்னரே பொருளை வரையறுப்பது. நாம் ஆய்வுக்கூடத்தில் அளவுகளைக் குறித்துக்கொண்டு முடிவுக்கு வருவதும் இதே வழிதானே!

1879இல் அவர் விடுத்த வேண்டுகோளை ஏற்று ஆசிரியர்கள், பாதிரிமார்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் சீட்டுகளை அனுப்பினர். மனநோயால் ஒரு கொலை செய்துவிட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த மைனர் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவரும் அவர்களுள் ஒருவர். பல்லாயிரம் சீட்டுகள் அனுப்பிய அவரை மர்ரே நண்பராகவே மதித்து நேரில் சென்று கண்டார். சொல் எங்கிருந்து வந்தாலும் அது சொல்தான். உழைப்பு யாரிடமிருந்து வந்தாலும் அது உழைப்புதான் என்பது அவர் கொள்கை போலும்.

சின்னச் சொல் செய்த பெருந்தொல்லை

இனி நம் சின்னச் சொற்களுக்கு வருவோம். சீட்டு எழுதிய அன்பர்கள் அரிய சொற்களைக் கண்டால் ஓடி ஓடி எழுதினர். அன்றாடச் சொற்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழக்கொழிந்து போன 'அப்யூஷன்' என்னும் சொல்லுக்கு ஏறத்தாழ 50 சீட்டுகள் வந்திருந்தன. எல்லாரும் எழுதும் 'அப்யூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை! கண்முன் இருப்பது கண்ணில் படுவதில்லை என்பது எவ்வளவு உண்மை! எளிய சொற்களுக்கான சான்றுகளை மர்ரேயும் உதவியாளர்களும் மீண்டும் தாமே தேட வேண்டியதாயிற்று.

தேடிக் குவித்த பிறகுதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. சின்னச் சொல்லில் ஏன் இத்தனை சிக்கல்? நம் தமிழில் 'அடி' என்னும் இரண்டெழுத்துச் சொல்லை எண்ணிப் பாருங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், விடுதியில் அரட்டை அடிக்கிறோம், சிலர் தேர்வில் காப்பி அடிக்கிறார்கள். இவற்றுள் எதிலாவது கோல் கொண்டு அடிப்பது உண்டா? தாய்மொழி ஆகையால் நாம் தடுமாறுவதில்லை. ஒரு வெள்ளைக்காரருக்கு இதை விளக்கப் போனால்தான் அதன் கடுமை தெரியும். பழமையான சொல், எல்லார் வாயிலும் புழங்கும் சொல், எல்லா வேலைக்கும் அழைக்கப்படும் சொல் எதுவோ, அதுவே பொருள் பெருத்த சொல்லாகிறது. வீட்டில் எல்லாரும் எடுத்துப் புழங்கும் அரிவாள்மணைக்குத்தானே வேலை அதிகம்!

மர்ரே நேரடியாகப் பதிப்பித்த எழுத்துகளில் 'டூ' (செய்), 'புட்' (வை), 'டேக்' (எடு), 'பட்' (ஆனால்) ஆகியவை அடங்கும். எழுத்தால் ஒத்து ஒலியால் வேறுபடும் இச்சொற்களை நாம் பள்ளியில் எத்தனை முறை சபித்திருப்போம்! 'பட்' என்பதிலும் 'புட்' என்பதிலும் நடுவிலும் கடைசியிலும் நிற்கும் எழுத்துகள் ஒன்றே. ஒன்று ஏன் 'பட்'? மற்றொன்று ஏன் 'புட்'? இதற்கு விடை சொல் வரலாற்றில் இருக்கிறது. முற்காலத்தில் இரண்டுக்கும் உகர ஒலியே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில் 'பட்', 'கட்' (வெட்டு) போன்ற பல சொற்களில் அவ்வொலி மாறியது. 'புட்' போன்ற சில சொற்களில் மாறாமல் நின்றுவிட்டது. எழுத்து மட்டும் பழையபடியே தங்கிவிட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் 'பட்' என்பதை 'புட்' போல் ஒலிப்போர் இன்றும் உள்ளனர். ஆங்கிலேயருக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கும்போது, நம் ஊர் மாணவன் தடுமாறினால் அவனை நகைப்பது எந்த நியாயம்?

அதுபோலவே 'டூ' என்னும் ஒரே ஒலியில் மூன்று சொற்கள் உள்ளன. ஒன்று நம் 'கு' உருபின் பொருளைத் தருவது. ஒன்று 'கூட' என்னும் பொருளது. மற்றொன்று இரண்டு என்னும் எண். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவன. அவ்வெழுத்து மர்ரே பங்கில் சேர்ந்தது. ஒவ்வொரு சொல்லையும் எப்படி ஒலிப்பது என்று காட்டவும் மர்ரே தனிக் குறியீட்டு முறை ஒன்றை வகுத்தார்.

நாம் முதலில் கண்ட 'செட்' என்னும் சொல் மர்ரேயின் துணைப் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லியின் பங்கில் வந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு 430 பொருள்கள். விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள்! அண்மைக்காலத்தில் 'ரன்' (ஓடு) என்னும் மற்றொரு மூன்றெழுத்துச் சொல் அதனை முந்திவிட்டது. அவ்வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள் காணப்பட்டுள்ளன. அதனை ஆராயப் பதிப்பாசிரியர் ஒருவருக்கு ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன.

எறும்பு வரை ஐந்து ஆண்டுகள்

ஒப்பந்தம் ஆகி ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1884இல் முதல் பகுதி 352 பக்கங்களோடு வெளிவந்தது. 'ஏ' முதல் 'ஆன்ட்' வரையிலான சொற்கள் அதில் இருந்தன. 'ஆன்ட்' என்றால் எறும்பு. ஐந்து ஆண்டு உழைத்தும் எறும்பு வரைதான் வர முடிந்தது! ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை மர்ரே வாழ்ந்தே காட்டினார்.

1885இல் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு ஆக்சுபோர்டுக்குக் குடியேறினார். அங்கும் தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை எழுந்தது. அண்டை வீட்டாரின் கண்ணை அது உறுத்தியதால், தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஈரமும் குளிரும் நிறைந்த அக்கொட்டகையில், கால்களைக் குளிரிலிருந்து காக்க ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தார். மர்ரே, ஆக்சுபோர்டு என்று மட்டும் எழுதினால் போதும், கடிதம் அவரிடம் சேர்ந்துவிடும். அவர் வீட்டு வாசலிலேயே அஞ்சல் துறை ஒரு தபால் பெட்டியை நிறுத்தியது.

இத்தனை கட்டுப்பாட்டிலும் ஒரு சொல் நழுவிவிட்டது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்னும் சொல்லின் சீட்டுகள் எங்கோ ஒளிந்துகொண்டன. அப்பகுதி அச்சாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அது விடுபட்டது தெரிய வந்தது. நம் தமிழ்ச் சொற்களோ விடுபடவில்லை. கட்டுமரம், கறி, சுருட்டு ஆகிய மூன்றும் ஆங்கில வேடம் பூண்டு மர்ரே பதிப்பித்த பக்கங்களில் இடம்பெற்றன. நம் மீனவரும் உழவரும் பேசிய சொற்கள் அரச குடும்பத்தார் பேசிய சொற்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தன. அகராதியில் மேல் கீழ் இல்லை. அகரவரிசை ஒன்றே உண்டு.

காணாத முடிவு

1908இல் ஆங்கில அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. பல பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தன. ஆனால் எந்த நகருக்கு அவர் பெருமை சேர்த்தாரோ அந்த ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் 1914இல்தான் அப்பட்டத்தைத் தந்தது. அங்குள்ள கல்லூரி எதுவும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்கவும் இல்லை. அறிவுலகத்திலும் சில வாசல்கள் தையற்காரர் மகனுக்கு மெல்லத்தான் திறக்கின்றன போலும்!

தம் எண்பதாவது பிறந்த நாளில், அதாவது 1917இல், அகராதியை முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆங்கில அரிச்சுவடியின் 20-ஆம் எழுத்தில் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1915-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் மர்ரே மறைந்தார். பிராட்லி, கிரெய்கி, ஆனியன்ஸ் ஆகியோர் பணியைத் தொடர்ந்தனர். 1928இல் அகராதி முற்றுப் பெற்றது. சொற்கள் 4,14,825, பக்கங்கள் 15,490. பத்து ஆண்டுகள் என்று கணக்கிட்டது 49 ஆண்டுகள் ஆயிற்று. அப்பக்கங்களில் ஏறத்தாழப் பாதி மர்ரே ஒருவரே பதிப்பித்தவை. தாம் உண்ண மாட்டோம் என்று தெரிந்தே பனங்கொட்டை ஊன்றுபவர் போல அவர் உழைத்துவிட்டுப் போனார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பாடம் புரியாததால் அன்று. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் இடம் மாறி விழுந்துவிட்டால் பின் வரிசையில் சிரிப்பொலி கேட்குமே என்ற அச்சத்தால். அந்த அச்சத்தால் எத்தனை நல்ல வினாக்கள் தொண்டைக்குள்ளேயே மடிந்து போகின்றன! சிரிப்பவரிடம் சொல்லுங்கள்: இருபதுக்கு மேற்பட்ட மொழிகளோடு பழகிய மர்ரேயே இச்சொற்களின் முன்னே பணிந்துதான் அமர்ந்தார். அவருக்கு உதவியாளர்களும் ஆயிரக்கணக்கான சீட்டுகளும் தேவைப்பட்டன என்றால், ஈராண்டு முன்புதான் ஆங்கில வழிக்கு வந்த நமக்குச் சிறிது காலம் தேவைப்படுவதில் இழிவு என்ன இருக்கிறது?

ஆனால் இழிவில்லை என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடவும் கூடாது. மர்ரே காட்டிய வழி செலவில்லாதது. எழுதிய தாள்களின் பின்பக்கத்தைச் சிறு சீட்டுகளாக வெட்டிக்கொள்வோம். பாடநூலில் ஒரு சின்னச் சொல் புதுப் பொருளில் வரும்போது அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதுவோம். நூலின் பெயரைக் குறிப்போம். நான் இவ்வாண்டு தொடக்கத்திலிருந்து இவ்வாறு செய்து வருகிறேன். 'செட்' என்னும் சொல்லுக்கு மட்டும் இதுவரை 31 சீட்டுகள் சேர்ந்துள்ளன. வேதியியல் நூலிலேயே அச்சொல் ஏழு பொருளில் வருவதைக் கண்டேன். விடுதி நண்பர்களும் இப்போது தாங்கள் கண்ட வாக்கியங்களைக் கொண்டுவந்து தருகிறார்கள்.

பொருள் தெரியாத சொல்லைச் சீட்டில் எழுதி வைப்பவன், அதனைக் கண்டு ஓடுவதை நிறுத்திவிட்டான் என்று பொருள். தையற்காரர் மகன் ஒரு மொழியையே அளவெடுத்துத் தைத்து முடித்தார். உழவர் மகனும், நெசவாளர் மகளும், சுமை தூக்குபவர் மகனும் நிறைந்திருக்கும் இந்த அரசுக் கல்லூரியில் அதற்கான ஊசியும் நூலும் நம் கையிலும் இருக்கின்றன. அடுத்த வகுப்பில் கையை உயர்த்திக் கேட்போம்.